என் தட்டில் சோறு இருக்கிறது

செங்கல்பட்டில் நான் முதலில் போன மருத்துவமனையில் எடை பார்க்கும் கருவியை நடைபாதையின் நடுவில் வைத்திருந்தார்கள். நான் ஏறி நின்றதும், பத்தடி தள்ளி மேசையில் எழுதிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கேட்கும்படி நர்ஸ் கத்தினார்: "ரேவதி, எண்பத்தாறு!" பெஞ்சில் இருந்த ஏழெட்டுப் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். கைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆளும்தான்.

நான் எடைக்காக வரவில்லை. எட்டு மாதமாக எனக்கு மாதவிடாய் வரவில்லை. அதற்காக வந்திருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. வீடு மாமல்லபுரத்தில். நெம்மேலிப் பக்கம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஆய்வக வேலை. தண்ணீரில் உப்பு எவ்வளவு, காரம் எவ்வளவு என்று மணிக்கு மணி அளந்து எழுதுகிறவள் நான்.

உண்மையைச் சொன்னால், முதல் மூன்று மாதம் மாதவிடாய் வராமல் இருந்தது எனக்கு வசதியாகவே இருந்தது. வெயிலில் குழாய்களுக்கு நடுவே அலைகிற வேலை. கழிப்பறை வெகு தூரம். மற்றவை அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டன. தாடையில் முடி. பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை. அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டேன். இதைப் படிக்கிற உங்களில் யாராவது இப்போது அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். அது அழுக்கு இல்லை.

மருத்துவர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"பி.சி.ஓ.எஸ். வெயிட்டக் குறைங்க. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்."

"எவ்ளோ குறைக்கணும் டாக்டர்?"

"எவ்ளோ முடியுமோ அவ்ளோ."

அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அங்கே யாரும் சொல்லவில்லை. பிறகு நானாகத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். பி.சி.ஓ.எஸ். (சினைப்பைகளில் கருமுட்டைகள் முழுதாக முதிராமல் சிறுசிறு நீர்க்குமிழிகள்போல் தங்கிவிடும் ஒரு சுரப்புக் கோளாறு) வந்த பலருக்கு உடம்பு இன்சுலின் (ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் திசுக்களுக்குள் அனுப்பும் சுரப்பு) பேச்சைக் கேட்பதில்லை. கேட்காததால் உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. அது எடையை ஏற்றுகிறது. ஏறிய எடை கோளாறை இன்னும் கூட்டுகிறது. நாம் சாப்பாட்டுராமிகளாக இருப்பதால் வந்த நோய் இல்லை இது. இதை யாராவது எனக்கு அன்றைக்கே சொல்லியிருந்தால், அடுத்த மூன்று மாதம் வேறு மாதிரி போயிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை. நல்ல குடும்பம். பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறது, கல்யாணத்துக்குள் ஒரு பதினைந்து கிலோ குறைத்தால் ஜோடிப் பொருத்தம் நன்றாக இருக்கும் என்றார். என் அம்மா என்னைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டாள்.

"டாக்டரே குறைக்கச் சொல்லிக்கீறாரு. ரெண்டுக்கும் ஒண்ணாப் போயிடுதுல்ல?" என்றாள்.

மதுராந்தகத்தில் ஒரு பெண்மணி வாட்ஸாப்பில் குழு வைத்து எடை குறைப்பு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். காலையிலும் இரவிலும் அவர் தரும் மாவைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். மதியம் வெள்ளரிக்காய், முட்டையின் வெள்ளைக்கரு. சோறு கூடாது, இட்லி கூடாது, பழம்கூடக் கூடாது. தினமும் காலையில் எடைக் கருவியின் மேல் நின்று படம் பிடித்துக் குழுவில் போட வேண்டும். குறைந்தவர்களுக்குக் கைதட்டும் பொம்மை. கூடியவர்களுக்கு, "நேத்து என்ன திருட்டுத்தனம் பண்ணீங்க?"

நான் ஒரு திருட்டுத்தனமும் பண்ணவில்லை. மூன்று மாதத்தில் பதினொரு கிலோ இறங்கினேன். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. பேருந்தில் ஏறும்போது கண் இருட்டியது. பக்கத்து வீட்டில் மீன் வறுக்கிற வாசனை வந்தால் அழுகை வரும். ஆனால் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அவ்வளவு பாராட்டு என் வாழ்க்கையில் அதற்கு முன்பு நான் வாங்கியதே இல்லை.

மூன்றாவது மாதக் கடைசியில் மாதவிடாய் வந்தது. அம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினாள். நானும் மகிழ்ந்தேன்.

அது நிற்கவில்லை. ஏழு நாள், பத்து நாள், பதினைந்து நாள். கட்டி கட்டியாகப் போனது. வேலைக்கு இரண்டு பேன்ட் கொண்டுபோனேன். யாரிடமும் சொல்லவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடையும் இறங்கிக்கொண்டிருந்தது. எதையாவது சொல்லி அதை நிறுத்தப் பயமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது. உடம்பிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தபோது நான் எடைக் கருவியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இருபத்துமூன்றாம் நாள் காலை, ஆலை கேன்டீனில் வெந்நீர் வாங்கப் போனேன். அங்கே சமைக்கிற அஞ்சலை அக்கா பக்கத்துக் குப்பத்துக்காரர். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா பாப்பா, மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போய்க் கீது? சாப்ட்டியா?"

"சாப்ட்டேங்க்கா."

"யார்கிட்ட பொய் சொல்ற? மூணு மாசமா உன் தட்டு இந்தப் பக்கம் வர்ல. நான் பாத்துக்கினுதான கீறேன்." என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "உதிரம் போவுதா?"

இருபத்துமூன்று நாளில் அதை முதலில் கேட்டவர் அவர்தான். ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. விழுந்துவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, ஆலை ஜீப்பில் என்னை ஏற்றி, செங்கல்பட்டு வரைக்கும் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அன்றைக்கு ஆலையில் இருந்தவர்களுக்கு மதியச் சாப்பாடு கிடைக்கவில்லை.

இது வேறு மருத்துவமனை. என் ஹீமோகுளோபின் (ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருள்) ஆறுக்குக் கீழே இருந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் வந்த மகப்பேறு மருத்துவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எட்டு மாசம் வராம இருந்தப்ப ஒரு டாக்டர்கிட்ட போனதா சொல்றீங்க. அப்ப ஏதாவது மாத்திரை குடுத்தாங்களா?"

"வெயிட்டக் குறைக்கச் சொன்னாங்க."

அவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். கருமுட்டை வெளியேறாத மாதங்களில் எண்டோமெட்ரியம் (கருப்பையின் உட்பக்கத்து மெத்தை) உதிராமல் தடித்துக்கொண்டே போகும். தடித்தது ஒருநாள் தாறுமாறாக இடியும். சிலருக்கு, அப்படித் தடித்த இடத்தில் செல்கள் கெட்ட பக்கம் திரும்பவும் வாய்ப்புண்டு. அதனால் பயாப்சி (சிறிது திசுவை எடுத்துப் பரிசோதிப்பது) செய்ய வேண்டும்.

"புற்றுநோயா டாக்டர்?"

"இருக்காதுன்னு நெனைக்கிறேன். ஆனா நெனப்பு போதாது. பாத்துடலாம்." எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "இன்னொண்ணு. எடை குறைஞ்சா உங்களுக்கு நல்லதுதான், இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா பட்டினி கெடந்து இல்ல. உங்க வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?"

கட்டில் ஓரத்தில் நின்றிருந்த அம்மா, "எங்க வூட்ல அப்டிலாம் யாருக்கும் இல்ல டாக்டர்," என்றாள்.

திசுவை எடுத்த பிறகு, முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். ரத்தத்தை நிறுத்த மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தப் பத்து நாளுக்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வீட்டார் நிச்சயதார்த்த நாளை முடிவு செய்ய வந்தார்கள். டைபாய்டு என்று சொல்லிக்கொள்ளலாம் என அம்மா முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள். பஜ்ஜி போட்டிருந்தாள். நான் புடவை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நிற்கத் தெம்பில்லை.

"நீ ஆஸ்பத்திரில இருந்தேன்னு கேள்விப்பட்டோம். என்னம்மா ஆச்சு?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"டைபாய்டுங்க," என்று அம்மா தொடங்கினாள்.

"டைபாய்டு இல்ல ஆன்ட்டி," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். வராமல் இருந்த பதினொரு மாதம், நிற்காமல் போன இருபத்துமூன்று நாள், இரண்டு பாட்டில் ரத்தம், வரப்போகிற முடிவு. ஆலையில் அளவுகளைப் படிக்கிற குரலில் சொன்னேன். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அப்பா சட்டென்று எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

மாப்பிள்ளையின் அம்மா எல்லாவற்றையும் கேட்டார். 'அடடா' என்றார். பிறகு மெதுவாக, "சரி, இப்ப எவ்ளோ குறைஞ்சிருக்கு?" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அதை இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

"குறைஞ்சதுல பாதி ரத்தமா போயிருக்கும் ஆன்ட்டி. இதுக்கு மேல குறைக்கறதா இருந்தா, அது எனக்காக இருக்கும். இந்தக் கல்யாணம் வேணாம். மன்னிச்சுக்குங்க."

சொல்லிவிட்டு, தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துச் சாப்பிட்டேன். வாழைக்காய் பஜ்ஜி. ஆறிப்போயிருந்தது. கிட்டத்தட்ட நான்கு மாதத்துக்குப் பிறகு என் வாயில் எண்ணெயும் உப்பும் பட்டன. அவர்கள் கிளம்பி வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டாவதையும் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள். முடிவு வாங்கப் போன நாளில் மட்டும், கூப்பிடாமலே வந்து பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டியும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மருத்துவர் தாளைப் படித்தார். "தடிச்சிருக்கு. ஆனா கெட்ட செல் எதுவும் இல்ல. தடிப்பக் கரைக்க ஆறு மாசம் ஹார்மோன் மாத்திரை, அப்புறம் மறுபடி ஒரு பயாப்சி." அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

திரும்பும் பேருந்தில்தான் வாயைத் திறந்தாள்.

"டாக்டர்கிட்ட நான் பொய் சொல்ட்டேன்டி."

"என்ன பொய்?"

"எனக்கும் இப்டித்தான். நாலு மாசம், அஞ்சு மாசம் வராது. கல்யாணமாயி ஏழு வருசம் வவுத்துல ஒண்ணும் தங்கல. பீப்பான்னு பேரு வெச்சாங்க. மூஞ்சில முடி வந்து, நூலால இழுத்துக்கினு ஒக்காந்திருப்பேன், யாரும் பாக்காம. அப்புறம்தான் நீ பொறந்த." தாடையைத் தடவிக்கொண்டாள். "நீயாவது அந்தப் பேரு வாங்காம இருக்கணும்னுதான்டி சரின்னு சொன்னேன். உன்ன சாவக் குடுக்கறதுக்கு இல்ல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழவில்லை. எனக்கு வந்தது கோபம்தான். இத்தனை வருடமாக என் அம்மாவிடம் யாரும் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. பீப்பாய் என்று மட்டும் சொன்னார்கள்.

அந்தக் கோபத்தோடுதான் நான் சாப்பிட ஆரம்பித்தேன்.

பட்டியல் எதையும் இங்கே தரப்போவதில்லை. உங்கள் உடம்பு வேறு, உங்கள் மருத்துவர் வேறு. நான் செய்ததை மட்டும் சொல்கிறேன். முதலில் மதுராந்தகம் குழுவிலிருந்து வெளியேறினேன். எடைக் கருவியை அப்பாவின் பழைய பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் தள்ளினேன். மூன்று வேளையும் சாப்பிடத் தொடங்கினேன்.

மருத்துவர் கொடுத்த மெட்ஃபார்மின் (இன்சுலினின் பேச்சை உடம்பைக் கேட்கவைக்கும் மாத்திரை) முதல் மூன்று வாரம் குமட்டலாலும் வயிற்றுப்போக்காலும் படுத்தியது. சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளச் சொன்னார், மெல்லப் பழகியது. சாப்பாட்டைப் பற்றி அவர் சொன்ன ஒரே விதி இதுதான்: முதலில் காய், அடுத்து மீனோ முட்டையோ பருப்போ, கடைசியில் சோறு. "சோறு வேணாம்னு நான் சொல்லல. அதக் கடைசியா வரச் சொல்றேன், அவ்ளோதான்."

கேன்டீனில் அஞ்சலை அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, குழிபறித்துக் குழம்பு ஊற்றுகிறவர்.

"இன்னா பாப்பா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று முறைத்தார்.

"இல்லக்கா. சோறு ரெண்டு கரண்டி போடு. பொரியல மூணு கரண்டி போடு. மீனு எப்பவும் போல."

யோசித்தார். "அப்ப பட்டினி இல்ல?"

"பட்டினி இல்ல."

"அப்ப சரி." இரண்டரைக் கரண்டி போட்டார். இன்றுவரை அந்த அரைக் கரண்டியில் அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

வீட்டில் அம்மாவும் அதே வரிசையில் சாப்பிடுகிறாள். அவளுக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். நெத்திலி, முருங்கைக்கீரை, கொண்டைக்கடலை, காலையில் கேழ்வரகு அடை. ஓட்ஸ் வாங்கி ஒருமுறை கஞ்சி வைத்தாள். இரண்டு பேரும் ஒரு வாய் வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தோம். அந்த டப்பா இப்போது மளிகை அலமாரியில் எறும்புக்குக் காவல் இருக்கிறது. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் உண்டு. பிறந்தநாளுக்குக் கேக் உண்டு. மறுநாள் பிராயச்சித்தப் பட்டினி கிடையாது.

சிகிச்சையின் நான்காம் மாதம் மாமல்லபுரத்தில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். பயிற்சியாளர் என்னைப் பார்த்ததும் ஓடும் இயந்திரத்தைக் காட்டினார்.

"லேடீஸ்லாம் இதுல நடக்கறதுதாங்க."

"நான் எடை தூக்க வந்தேன். தசை கூடுனா சர்க்கரையக் கட்டுப்படுத்தும்னு டாக்டர் சொன்னாங்க."

"ஒடம்பு இன்னும் குண்டாத் தெரியுங்க."

"தெரியட்டும்."

முதல் வாரம் வெறும் கம்பியைத் தூக்கவே கை நடுங்கியது. கண்ணாடியில் பையன்கள் பார்த்துச் சிரித்தார்கள். மூன்று மாதம் கழித்து நான் தரையிலிருந்து அறுபது கிலோவைத் தூக்கினேன். கிலோ என்ற சொல்லைச் சந்தோஷத்தோடு சொன்னது அன்றைக்குத்தான்.

ஆறு மாதம் முடிந்து செய்த இரண்டாவது பயாப்சியில் தடிப்பு போயிருந்தது. ஹார்மோன் மாத்திரையை நிறுத்தினார்கள். "இனி தானா வருதான்னு பாப்போம். மூணு மாசம் வரலைன்னா காத்துக்கிட்டு இருக்காதீங்க, வந்துடுங்க," என்றார் மருத்துவர். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். மூன்று மாதம் வரவில்லையென்றால் போய்ப் பாருங்கள். எடையைக் குறைத்துவிட்டு வா என்று மட்டும் சொல்லி அனுப்பினால், வேறு மருத்துவரிடம் போங்கள்.

மார்கழியில் ஒரு விடுமுறை நாள். வேடந்தாங்கல் பார்த்ததே இல்லை என்று அம்மா சொன்னாள். ஐம்பத்தெட்டு வருடம் இந்த மாவட்டத்திலேயே இருந்தவள். கூட்டிப் போனேன். ஏரிக்கரை நெடுகக் கூட்டம். தண்ணீருக்கு நடுவே மரங்களில் இலை தெரியாமல் பறவைகள். கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறினோம். அம்மா மூச்சு வாங்கி நடுவில் நின்றாள்; எனக்கு மூச்சு வாங்கவில்லை.

மேலே நின்றபோது அடிவயிற்றில் அந்த இழுப்பு வந்தது. மாத்திரை நிறுத்தி நாற்பத்தோராவது நாள். முதலில் நம்பவில்லை. பிறகு தெரிந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"இன்னாடி?"

"வந்துடுச்சும்மா. தானா."

அம்மா பதறாமல் தன் பையைத் திறந்தாள். தண்ணீர் பாட்டிலுக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் கீழேயிருந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். நாப்கின்.

"உனக்கு எதுக்கும்மா இது? நின்னு பத்து வருசமாச்சே?"

"மாத்திர நிறுத்துன அன்னியிலேர்ந்து தூக்கிக்கினு அலையறேன்டி," என்றாள். "எங்க வருமோ, எப்ப வருமோ. போ, கீழ கக்கூஸ் கீது."

அதற்கடுத்தது முப்பத்தாறு நாளில் வந்தது. அதற்கடுத்தது நாற்பத்தைந்து. சுவரில் தொங்கும் காலண்டரின் மாதம் வேறு. என் உடம்பின் மாதம் வேறு. முன்பு நாட்களைப் பயத்தோடு எண்ணினேன், அல்லது எண்ணாமலே விட்டேன். இப்போது குறித்து வைத்துக்கொண்டு என் வேலையைப் பார்க்கிறேன். 'உடம்பு இளைத்த பிறகு' என்று தள்ளிப்போட்டிருந்த எல்லாவற்றையும் இந்த உடம்போடேயே செய்கிறேன். கை இல்லாத ரவிக்கை தைத்துக்கொண்டேன். பின்கழுத்துக் கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. தலைமுடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொள்கிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

போன வாரம் எடை பார்த்தேன். எழுபத்தெட்டு. இது இன்னும் குறையலாம், குறையாமலும் போகலாம். இந்தக் கோளாறு என்னைவிட்டு முழுதாகப் போகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சரி, கூடவே இருக்கட்டும். இருவரும் ஒரே உடம்பில்தான் குடியிருக்கப் போகிறோம். ஆனால் இந்த வீடு என் பெயரில் இருக்கிறது.